'டமார்' சத்தமும் ஒரு சிவப்புச் சீட்டும்... கனடாவில் ஹீட்டர் ரிப்பேர்காரர்கள் படும் பாடு!

கனடாவில் இருக்கும் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ பனிக்காலத்தில் போய் வந்த பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். பனியைப் பற்றிச் சொல்லி முடித்ததும், அந்தச் சத்தத்தைப் பற்றி ஆரம்பிப்பார்கள். நடுராத்திரி, வீட்டுக்கு அடியில் யாரோ தகரக் கதவை எட்டி உதைத்தது போல 'டமார்' என்று கேட்கும். பதறி எழுந்தால், "ஒண்ணுமில்லப்பா, ஃபர்னஸ்தான். படுங்க" என்று பதில் வரும்.

பெரும்பாலான நேரம் அது ஒன்றுமில்லாத சத்தம்தான். சில நேரம் உயிர் சம்பந்தப்பட்ட சத்தம். எது எந்த ரகம் என்று கண்டுபிடிக்க வேண்டியது ஹீட்டிங் டெக்னீஷியனின் வேலை. கண்டுபிடித்த பிறகு, வீட்டுக்காரரை நம்ப வைப்பது அதைவிடப் பெரிய வேலை.

தரைக்குக் கீழே ஒரு அடுப்பு

டொரன்டோவில் கடுங்குளிர் நாட்களில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி வரைகூட இறங்கும். அங்கே ஃபர்னஸ் இல்லாமல் வாழ முடியாது. பெரும்பாலான வீடுகளில் இது பேஸ்மென்ட் எனப்படும் நிலவறையில், பீரோ சைஸில் நிற்கும். எரிவாயுவில் ஓடும்.

அறை குளிர்ந்ததும் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் உத்தரவு கொடுக்கும். முதலில் புகையை வெளியேற்றும் சின்ன விசிறி சுற்றும். பிறகு பற்றவைக்கும் பகுதி சூடேறும், எரிவாயு திறக்கும், பர்னர் எரியும். சிறிது நேரம் கழித்துப் பெரிய விசிறி ஓடத் தொடங்கி, சூடான காற்றைத் தகரக் குழாய்கள் வழியாக ஒவ்வோர் அறைக்கும் தள்ளும்.

ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் என்று தமிழர்கள் அதிகம் வாழும் பகுதிகளில், பேஸ்மென்ட்டை வாடகைக்கு விடுவது சகஜம். படிக்கப் போன மாணவர்களும், புதிதாகக் குடியேறிய குடும்பங்களும் இந்த இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரில் தலைவைத்துத் தூங்குகிறார்கள். சத்தத்தை முதலில் கேட்பவர்கள் இவர்கள்தான். ரிப்பேருக்கு ஆள் கூப்பிட வேண்டியவர் மேலே இருக்கும் வீட்டுக்காரர். சொன்னால் தப்பாக நினைப்பாரோ என்ற தயக்கத்திலேயே பல வாரங்கள் ஓடிவிடும்.

எந்தச் சத்தம், என்ன அர்த்தம்?

பற்றவைக்கும் அந்த நொடியில் 'டமார்' என்று கேட்டால், கவனம் தேவை. பர்னரில் அழுக்கு சேர்ந்திருந்தால் எரிவாயு உடனே பற்றாமல் சேர்ந்து நின்று, மொத்தமாகப் பற்றும். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

விசிறி ஓடத் தொடங்கும்போதோ, நின்ற பிறகோ 'டொக்... டொக்' என்று கேட்டால், தகரக் குழாய் சூட்டில் விரிந்து, குளிர்ச்சியில் சுருங்குகிறது என்று அர்த்தம். எரிச்சலூட்டும், ஆபத்தில்லை.

விசில் அடிப்பது போலக் கேட்டால், ஃபில்டர் அடைத்திருக்கலாம். 'க்ரீச்' என்றால் மோட்டாரின் பேரிங் தேய்ந்திருக்கலாம். இரும்போடு இரும்பு உரசும் சத்தம் என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். புது மாடல்களில் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் கேட்டால், நீர் வடியும் குழாயில் அடைப்பு இருக்க வாய்ப்புண்டு.

டெக்னீஷியன் வந்ததும் சத்தம் மாயம்!

டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் குழந்தையின் காய்ச்சல் இறங்கிவிடுமே, அதே கதைதான் இங்கேயும். மூன்று வாரமாக அலறிய ஃபர்னஸ், டெக்னீஷியன் டார்ச்சோடு குனிந்ததும் சமர்த்தாக ஓடும். அவர் அணைத்து, ஆறவிட்டு, மறுபடி போட்டுக் காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பு, ஃபர்னஸைச் சுற்றி அடுக்கிய சூட்கேஸ்களையும் அரிசி மூட்டைகளையும் நகர்த்தியாக வேண்டும்.

பல வீடுகளில் கடைசியில் கிடைக்கும் குற்றவாளி, கம்பளி போலத் தூசி படிந்த ஃபில்டர். ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் வீட்டுக்காரரே மாற்றக்கூடிய பொருள் அது. "அஞ்சு நிமிஷ வேலைக்கு இவ்வளவு சார்ஜா?" என்று கேட்பார்கள். பனியில் வண்டி ஓட்டி வந்த நேரம் அந்த ஐந்து நிமிடக் கணக்கில் வராது.

இதெல்லாம் சாதாரண நாளில். வருடத்தின் கடுங்குளிர் இரவில், மாதக்கணக்கில் முனகிக்கொண்டிருந்த ஃபர்னஸ்கள் எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துவிடும். அன்று போன் நிற்காது. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு முதலில் போவதா, வயதானவர் தனியாக இருக்கும் வீட்டுக்கா என்று முடிவெடுக்க வேண்டியவரும் அவரே.

சிவப்புச் சீட்டு

எல்லாவற்றையும்விடக் கசப்பான தருணம் ஒன்று உண்டு. ஃபர்னஸுக்குள் இருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் விழுந்தால், கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் கசியலாம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வரும். ஃப்ளூ காய்ச்சல் என்று நினைத்துப் படுத்தவர்கள் எழுந்திருக்காமலே போனதும் உண்டு. அதனால்தான், எரிபொருள் அடுப்போ ஃபர்னஸோ உள்ள வீடுகளில், தூங்கும் இடத்துக்கு அருகே இதற்கான அலாரம் இருக்க வேண்டும் என்று ஒன்டாரியோ மாகாணம் 2014-ல் கட்டாயமாக்கியது.

உடனடி ஆபத்து என்று தெரிந்தால், உரிமம் பெற்ற டெக்னீஷியன் எரிவாயுவை மூடி, சிவப்புச் சீட்டு கட்டிவிட வேண்டும். வெளியே மைனஸ் 15. உள்ளே குழந்தைகள். "புது மெஷின் விக்கத்தானே இந்த நாடகம்?" என்று வீட்டுக்காரர் கொதிப்பார்.

அந்தச் சந்தேகம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. வீடு வீடாகக் கதவைத் தட்டி, பயமுறுத்தி, ஃபர்னஸையும் வாட்டர் ஹீட்டரையும் தலையில் கட்டிய விற்பனையாளர்கள் ஒன்டாரியோவில் நிறையப் பேர். தாங்க முடியாமல் 2018 மார்ச் 1 முதல் அப்படிக் கதவைத் தட்டி விற்பதையே அரசு தடை செய்தது. ஏமாற்றியவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் சம்பாதித்த கெட்ட பெயரை, நேர்மையாக வேலை பார்ப்பவர் இன்றும் சுமக்கிறார்.

சந்தேகம் இருந்தால், விரிசலைக் காட்டச் சொல்லலாம், போட்டோ கேட்கலாம், உரிமம் பெற்ற இன்னொருவரை அழைத்துப் பார்க்கலாம். கட்டிய சீட்டை அவிழ்த்துவிட்டு ஃபர்னஸை ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

* சத்தம் கேட்டதும் செல்போனில் பதிவு செய்யுங்கள். தொடங்கும்போதா, ஓடும்போதா, நின்ற பிறகா என்று குறித்து வையுங்கள்.
* ஃபில்டரைத் தவறாமல் மாற்றுங்கள். ஃபர்னஸைச் சுற்றி இடம் விடுங்கள்.
* பனிப்புயலுக்குப் பிறகு, வெளிச்சுவரில் இருக்கும் ஃபர்னஸ் குழாய்களைப் பனி மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.
* சர்வீஸைக் குளிர் வருவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.
* அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ, அலாரம் அடித்தாலோ, முதலில் எல்லோரும் வெளியேறுங்கள். போன் செய்வது வெளியே போன பிறகு.

அடுத்த முறை வீடியோ காலில் பேரப்பிள்ளையைப் பார்க்கும்போது, "சாப்பிட்டியா?" என்பதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "அந்த ஃபர்னஸ் சத்தத்தை யாராவது வந்து பார்த்தாங்களா?"