மூன்று மாதக் கெடுவும் பிரஷ்ஷின் நாரும்

பல் துலக்கும் பிரஷ்ஷை மூன்று அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும் என்பது அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் அறிவுரை. மக்கள் மனதில் நின்றதோ முதல் பாதி மட்டுமே. அதனால்தான் “மூன்று மாதம் ஆகிவிட்டது, பிரஷ் நன்றாகத்தானே இருக்கிறது?” என்றும், “ஒரே மாதத்தில் விரிந்துவிட்டதே, வைத்துக்கொள்ளலாமா?” என்றும் வாசகர்கள் எழுதிக் கேட்கிறார்கள். நாள்காட்டியைவிட நாரைப் பார்த்து முடிவெடுப்பதே சரி.

1938-ல் அமெரிக்காவில் நைலான் பிரஷ் விற்பனைக்கு வரும்வரை பன்றி முடிதான் பிரஷ்ஷின் நார். இன்று அநேகமாக எல்லா பிரஷ்ஷிலும் செயற்கை நாரே இருக்கிறது. ‘சாஃப்ட்’, ‘மீடியம்’, ‘ஹார்டு’ என்ற பிரிவுகளில் பெரும்பாலும் மாறுவது பொருள் அல்ல, நாரின் தடிமனும் நீளமும்தான்.

இந்த இரண்டிலும் சிறு மாற்றம்கூடப் பெரிய விளைவைத் தரும். நாரின் விட்டம் இரு மடங்கானால் அதன் விறைப்பு 16 மடங்காகும். 0.15 மி.மீ. நாரையும் 0.2 மி.மீ. நாரையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் இரண்டாவது நார் மூன்று மடங்குக்கும் மேல் விறைப்பானது. நீளத்தைப் பாதியாக வெட்டினால் விறைப்பு எட்டு மடங்கு கூடும். ஆகவே ‘சாஃப்ட்’ என்ற சொல் ஒரு வரம்பைச் சொல்கிறதே தவிர, ஒரே அளவைச் சொல்வதில்லை. ஒரு நிறுவனத்தின் ‘சாஃப்ட்’ ஈறுக்கு இதமாக இருக்கும், இன்னொன்றினுடையது குத்தும்.

நுனி 0.01 மி.மீ. என்று விளம்பரம் செய்யப்படும் பிரஷ்களையும் இந்தக் கணக்கோடுதான் பார்க்க வேண்டும். அந்த அளவு கூராக்கிய நுனிக்கு மட்டும் உரியது. நார் எப்படி வளையும் என்பதில் அதன் உடல்பகுதிக்கே பெரும் பங்கு. அதன் தடிமனை அந்த எண் சொல்வதில்லை.

நைலான் நீரை உறிஞ்சி இளகும் என்பதால், உலர்ந்த பிரஷ் நனைந்த பிரஷ்ஷைவிட விறைப்பாக இருக்கும். இளகிய நிலையில் அழுத்தித் தேய்த்தால் நார் வளைந்து அப்படியே நின்றுவிடும். பிரஷ்ஷைப் பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்தால் இது புரியும்: தலையின் ஓரத்தைத் தாண்டி நார்கள் வெளியே தெரிந்தால் அதன் வேலை முடிந்தது. விரிந்த நாரின் நுனி பல்லும் ஈறும் சேரும் இடத்தில் படாமல் விலகிப் போகும். அழுக்கு தங்குவது அங்கேதான். ஒரே மாதத்தில் விரிகிறது என்றால், புது பிரஷ் வாங்குவதோடு கையின் அழுத்தத்தையும் குறைக்க வேண்டும்.

நைலான் எனாமலைவிட மிக மென்மையானது. பல்லைத் தேய்ப்பதில் பேஸ்ட்டில் உள்ள உராய்வுத் துகள்களுக்கே பெரும் பங்கு உண்டு. ஈறு இறங்கி வேர் தெரியும் இடத்தில் எனாமல் இல்லை. அங்கே தேய்மானம் வேகமாக நடக்கும். பெரும்பாலோர்க்கு ‘சாஃப்ட்’ போதும் என்பதற்கு இதுவே காரணம்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்கள்:

நிறம் வெளுக்கும் நார்? சாயம் போனதைக் காட்டும், நார் விரிந்ததைக் காட்டாது.

மூடி? வீட்டில் வேண்டாம், ஈரத்தை அடைத்து வைக்கும்.

எங்கே வைப்பது? தலை மேலே இருக்க, காற்றுப்படும் இடத்தில், மற்றொரு பிரஷ்ஷைத் தொடாமல்.

வெந்நீரில் கொதிக்க வைக்கலாமா? கூடாது, நார் உருக்குலையும். குழாய்த் தண்ணீரில் அலசி உலரவிட்டால் போதும்.

மூங்கில் பிரஷ்? கைப்பிடி மக்கும், நார் பெரும்பாலும் நைலான்தான்.

குழந்தைகளுக்கு? சிறிய தலை, மென்மையான நார்.

ஒரே பிரஷ்ஷை இருவர் பயன்படுத்தலாமா? ஒருபோதும் கூடாது.