சாவகத்து நிழலும் தமிழகத்துப் பாவையும்

மணிமேகலைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஆபுத்திரன் சாவக நாட்டில் அரசனாக மறுபிறப்பெய்திய பகுதி. சாவகம் என்பது இன்றைய ஜாவாவைக் குறிக்கும் என்பர் என்றேன். தாம்பரத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அங்கே பெரும்பான்மையோர் நம்மவர்தாமே! இராமாயணப் பாவைக்கூத்தும் நடக்கிறதாமே, ஆட்டுபவர் யார்?" என்றார். முஸ்லிம்களே என்றேன். வகுப்பு சற்று அமைதியாயிற்று. அதற்குள் மணியும் அடித்துவிட்டது. அன்று சொல்ல இயலாத விடையை ஈண்டுக் கூற விழைகிறேன்.

ஜாவானியர் இக்கூத்தை 'வாயாங் கூலித்' என்பர். வாயாங் என்பது நிழல். கூலித் என்பது தோல். எருமைத் தோலைப் பதப்படுத்தி, சிற்றுளியால் துளையிட்டு, வண்ணந்தீட்டிக் கொம்பினாலான பிடி பொருத்துவர். 'தாலாங்' எனப்படும் கூத்தர் ஒருவரே திரையின்பின் அமர்ந்து, இரவு முழுதும் எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுப்பார். 'கமலான்' இசைக்குழு உடனிருக்கும். பீமன் கதை வாயாங்காக நிகழ்ந்ததை 907ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று குறிக்கிறது. ஆகவே இஸ்லாம் அத்தீவில் வேரூன்றுமுன்பே கூத்து இருந்தது.

இஸ்லாம் வந்தபின் அது அழியவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. மார்க்கம் பரப்பிய ஒன்பது வலிமார்களுள் ஒருவரான சுனான் காலிஜாகா இக்கூத்தையே கருவியாகக் கொண்டார் என்பது அந்நாட்டு மரபு. தருமனிடம் 'காலிமாசாதா' என்னும் தெய்விகப் படைக்கலம் உண்டு. அதனைக் கலிமா ஷஹாதத் என்றே மக்கள் பொருள்கொள்வர். பழஞ்சாவகக் காப்பியத்திலேயே அச்சொல்லின் மூலவடிவம் இருப்பதை அறிஞர் சுட்டுவர். சொல்லின் வரலாறு ஒன்று, மக்கள் அதில் கண்ட பொருள் மற்றொன்று; எனக்கு இரண்டுமே வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையார் ஹம்ஸா (ரலி) அவர்களின் வீரக்கதைகளும் அங்கே மரப்பாவைகளால் நடிக்கப்படுகின்றன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழகத்தில் தோற்பாவைக்கூத்தை நிகழ்த்துவோர் வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர் குலத்தார். திரைக்குப்பின் அமர்ந்ததும் அவர்கள் மொழி தமிழாகிவிடும். ஆட்டுத்தோலில் ஒளி ஊடுருவும்படி வண்ணமிட்ட பாவைகளைக் கொண்டு இராமாயணம், அரிச்சந்திரன், நல்லதங்காள் கதைகளை ஆடுவர். குமரி மாவட்டத்துக் கூத்தர்களைப் பற்றி அ.கா. பெருமாள் விரிவாக எழுதியுள்ளார். உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்னும் இரு கோமாளிகள் வந்தாலே சிறுவர் கூட்டம் ஆரவாரிக்கும். வான்மீகத்திலோ கம்பனிலோ இவர்கள் இல்லை. ஜாவாவிலும் அவ்வாறே: பருத்த வயிற்றுச் சேமாரும் அவன் மக்களும் வியாசர் அறியாதவர்கள், ஆயினும் அரசர்களை ஏளனம் செய்யும் உரிமை அவர்களுக்கே உண்டு. ஊரார் தம் குரலை எங்கே வைத்தார்கள் என்று அறிய இக்கோமாளிகளைப் பார்த்தாலே போதும்.

பாலக்காட்டுப் பகுதிப் பகவதி கோயில்களில் நிகழ்வது இன்னும் வியப்பு. மலையாளம் பேசும் புலவர்கள் கம்பராமாயணப் பாடல்களை மனப்பாடமாகச் சொல்லிக் கூத்து நடத்துகின்றனர். நாற்பத்திரண்டடி நீளக் கூத்துமாடம். தேங்காய் மூடிகளில் இருபத்தொரு விளக்குகள். தாரிகனோடு போரிட்டதால் இராம இராவணப் போரைக் காணாத காளிக்காக ஆடுவதாக நம்பிக்கை. எனவே எதிரே ஒருவரும் இல்லாவிடினும் கூத்து நிற்பதில்லை. நம் மண்டிகர்க்கு அத்தகைய காவல் இல்லை; திரைப்படமும் தொலைக்காட்சியும் வந்தபின் பார்ப்போரை நம்பிய பிழைப்பு நலிந்துவிட்டது. வாயாங்கை யுனெஸ்கோ 2003இல் மனிதகுல மரபுச்செல்வமாக அறிவித்தது.

இவ்வாண்டுத் தமிழ் மன்ற விழாவுக்குக் கூத்துக் குடும்பம் ஒன்றை அழைக்க எண்ணியபோது, பெரியவர் ஒருவர் "நம் அரங்கில் இராமாயணமா?" என்று கேட்டார். அவருக்கு ஜாவாவைச் சொன்னேன். நாகூரில் பிறந்து, சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாகி, சென்னைக் கம்பன் கழகத்தை நடத்திய நீதிபதி மு.மு. இஸ்மாயில் அவர்களையும் நினைவூட்டினேன். சிறிது நேரம் பேசாதிருந்தவர், "எப்படியும் இஷாவுக்குப் பிறகு வையுங்கள், தொழுதுவிட்டு வருகிறேன்" என்றார்.