'புஸ்' பெயின்ட்... உஷார்!

பொங்கலுக்கு நாலே நாள். வாசல் கேட்டில் துரு. "பெயின்டரைத் தேடி யாரு அலையறது? ஸ்ப்ரே டப்பா வாங்கி நாமளே அடிச்சிருவோம்!" என்று வீட்டுக்காரர் கிளம்பிவிடுவார். அரை மணியில் கேட் பளபள! கூடவே தலைசுற்றல், கண் எரிச்சல், குழந்தைக்கு இருமல்...

ஏன் இப்படி?

டப்பாவில் இருப்பது வெறும் வர்ணமல்ல. அதைக் கரைக்க டொலுயீன், சைலீன், அசிட்டோன் போன்ற திரவங்கள். வெளியே தள்ளுவதற்குப் பெரும்பாலும் நம் சமையல் காஸில் உள்ள அதே புரொப்பேன், பியூட்டேன்! இந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். தவழும் குழந்தையை முதலில் எட்டும். எரிகிற அடுப்பு, பூஜை விளக்கு வரை போய்த் தீயையும் இழுத்து வரும்.

அடிக்கும்போது...

அறைக்குள் வேண்டவே வேண்டாம். முற்றமோ மொட்டை மாடியோதான் சரி. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று நம் ஊரில் சுழற்றியடிக்கும். அடித்த பெயின்ட் நம் முகத்துக்கே திரும்பும். காற்று அடங்கிய வேளையாகப் பார்த்து, காற்றுக்கு எதிரே நிற்காமல் அடியுங்கள். மூக்கில் கட்டும் கைக்குட்டை ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள முகமூடி, கண்ணாடி, கையுறை அவசியம். ஆஸ்துமாக்காரர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் பக்கத்திலேயே வர வேண்டாம்.

கண்ணில் பட்டால் கசக்காமல் 15 நிமிடம் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். தலை சுற்றினால் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள். குழந்தை வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்! திரவம் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. 108-ஐ அழையுங்கள்.

காலி டப்பா காலி அல்ல!

வர்ணம் தீர்ந்தாலும் காஸ் மிச்சமிருக்கும். 50 டிகிரிக்கு மேல் சூடானால் டப்பா வெடிக்கலாம். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள், ஆணி அடித்து ஓட்டை போடாதீர்கள், குப்பையோடு கொளுத்தாதீர்கள். பழைய இரும்புக்காரரிடம் பாதி டப்பாவைத் தள்ளிவிட்டால், சுத்தியலால் தட்டப்போவது அவர்தானே! ராமையன்பட்டி குப்பைக் கிடங்கில் தீப்பிடித்து ஊரே புகையில் இருமிய நாட்கள் நமக்குத் தெரியாததா?

மிச்சப் பெயின்ட்டை அக்கம்பக்கத்தில் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள். தீர்ந்ததும் வெட்டவெளியில் 'புஸ்' சத்தம் நிற்கும்வரை அழுத்துங்கள். பெயின்ட் டப்பாக்களை 2016 திடக்கழிவு விதிகளே வீட்டு அபாயக் கழிவில் சேர்த்திருந்தன. எனவே தனிப் பையில் போட்டு, "இது பெயின்ட் டப்பா" என்று தூய்மைப் பணியாளரிடம் வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

தின்னரையும் மிச்சப் பெயின்ட்டையும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நெல்லையில் செய்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையார் சிலைகளின் வழக்கு 2023 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் வரை போனதே! ரசாயனம் ஆற்றில் கரையக் கூடாது என்பதுதானே அங்கே கவலை? பிள்ளையாருக்கு ஒரு நியாயம், நம் வீட்டு கேட்டுக்கு ஒரு நியாயமா?

நெல்லையும் தூத்துக்குடியும் குடிப்பது தாமிரபரணித் தண்ணீரை. நாம் கொட்டுவது நாளை நம் செம்புக்கே வரலாம், ஜாக்கிரதை!