வயல் நீரும் கடல்வாழ் உயிர்களும்

கமக்காரர்களே,

வயலிலிருந்து வடியும் நீர் வரம்பைக் கடந்ததும் நமது பொறுப்பு முடிந்துவிட்டது என்று எண்ணுவது வழக்கம். அந்நீர் வாய்க்காலில் விழுந்து, ஓடையிற் சேர்ந்து, ஆற்றோடு கூடிக் கடலை அடைகின்றது. அது தன்னோடு கொண்டு செல்லும் பசளை, மண், பீடைநாசினி ஆகியன கடலில் வாழும் உயிர்களை எவ்வாறு தாக்குகின்றன, அதனைத் தடுக்கக் கமக்காரர் செய்யத்தக்கது யாது என்பனவற்றை விளக்குவதே இத் துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

நீர் செல்லும் வழி

கொழும்பு மாநகரை எடுத்துக்கொள்வோம். மத்திய மலைநாட்டிலே தோன்றும் களனி கங்கை ஏறக்குறைய 145 கிலோமீற்றர் தூரம் ஓடி, கொட்டாஞ்சேனைக்கு வடக்கேயுள்ள முகத்துவாரத்தை அடுத்துக் கடலிற் கலக்கின்றது. ஆறு கடலோடு சேரும் வாயில் என்பதே அவ்விடத்தின் பெயர்ப்பொருள். தேயிலைத் தோட்டங்கள், மரக்கறிப் பாத்திகள், இறப்பர்க் காணிகள், நெல்வயல்கள், ஆலைகள், ஊர்கள் ஆகிய அனைத்தின் வடிநீரும் இவ்வாற்றை அடைகின்றது. அம்பத்தளையில் இதே ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்படும் நீரையே தலைநகர மக்களிற் பெரும்பாலோர் பருகுகின்றனர்.

நகரின் தெற்கே வெள்ளவத்தையில் மற்றொரு கால்வாய் காலி வீதியையும் புகையிரதப் பாதையையும் கடந்து கடலில் விழுகின்றது. நகரின் கழிவுநீரைக் கடலுக்குள் செலுத்தும் நீண்ட குழாய்களும் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் அமைக்கப்பட்டன. ஆகவே கொழும்புக் கடலின் மாசுக்குக் கமக்காரர் மாத்திரம் காரணரல்லர். நகரத்தாருக்கும் ஆலைகளுக்கும் அதிற் பெரும் பங்குண்டு. எனினும் நமது பங்கை நாமே குறைக்க இயலும். குறைப்பதால் நமது பணமும் மிஞ்சும்.

கடலில் வாழும் உயிர்கள்

வெப்பவலயக் கடலோரத்தில் உயிரினங்கள் மிகப் பல. சூடை, சாளை, கும்பளா, பாரை முதலிய மீன்களும், இறால், நண்டு, சிங்கி இறால், கணவாய், மட்டி, கடலட்டை, நட்சத்திரமீன், கடற்பஞ்சு ஆகியனவும் அங்கு வாழ்கின்றன. உலகிலுள்ள ஏழு வகைக் கடலாமைகளுள் ஐந்து வகைகள் இலங்கைக் கரையில் முட்டையிடுகின்றன. முருகைக்கற் பாறைகளும் கண்டற் காடுகளும் களப்புகளும் மீன் குஞ்சுகளுக்கு நாற்றுமேடை போன்றவை. நாற்று கெட்டால் விளைச்சல் கெடுவது போல, இவை கெட்டால் ஆழ்கடல் மீன்பிடியும் குன்றும்.

முருகைக்கல் என்பது வெறுங் கல்லன்று. அது சிறு உயிர்கள் கூடிக் கட்டிய வீடாகும். அவ்வுயிர்களின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்ந்து, சூரிய ஒளியினால் உணவைத் தயாரித்து அவற்றுக்கு அளிக்கின்றன. ஆதலால் முருகைக்கு வேண்டியது ஒளி புகும் தெளிந்த நீர். வெப்பவலயக் கடலின் மேல்நீரில் பசளைச் சத்துக்கள் இயல்பாகவே குறைவு. முருகைகள் அத்தகைய நீருக்கே பழகியவை.

பசளை கடலிற் செய்யும் கேடு

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. அதாவது 50 கிலோகிராம் நிறையுள்ள ஒரு மூடையில் 23 கிலோகிராம் நைதரசன் அடங்கியுள்ளது. முறையாக இடாவிடின், நெற்பயிர் இதில் பாதியைத்தானும் பெறுவதில்லை. எஞ்சியதில் ஒரு பகுதி காற்றோடு கலந்துவிடும். ஒரு பகுதி நிலத்தடி நீருக்கு இறங்கும். மற்றொரு பகுதி வடிநீரோடு ஓடிவிடும்.

குளத்திலே சத்து மிகுந்தால் பச்சைப் பாசி படர்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கடலிலும் அவ்வாறே நைதரசனும் பொசுபரசும் மிகுந்தால் நுண்பாசிகள் திடீரெனப் பெருகுகின்றன. அவை மடிந்து அழுகும்போது, அழுகச் செய்யும் பற்றீரியாக்கள் நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனை உண்டுவிடுகின்றன. நீந்தித் தப்பக்கூடிய மீன்கள் அகன்றுவிடும். மட்டி, நண்டு, கடலட்டை முதலியன இருந்த இடத்திலேயே மடியும். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு மெக்சிக்கோ வளைகுடாவிற் கலக்குமிடத்தில், விளைநிலங்களிலிருந்து வரும் பசளையினால் ஆண்டுதோறும் கோடைகாலத்தில் ஒட்சிசன் குன்றிய பெரும் பரப்பொன்று உண்டாகின்றது. நமக்கு அண்மையில், மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையில் மண்டபத்தை அடுத்து, 2019ஆம் ஆண்டு செத்தெம்பரில் நுண்ணுயிர் பெருகிக் கடல்நீர் பச்சையாகி, மீன்கள் இறந்து கரையொதுங்கின. இத்தகைய பெருக்கத்துக்குக் காற்றும் வெப்பமும் நீரோட்டமும் காரணமாவதுண்டு. ஆயினும் கரையிலிருந்து சேரும் சத்து, எரியும் நெருப்பில் வார்த்த எண்ணெயாகும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

மண்ணும் நஞ்சும் பிளாத்திக்கும்

சரிவான மரக்கறித் தோட்டங்களிலிருந்து அரித்துவரப்படும் மண் கடலைக் கலக்கி, ஒளியை மறைத்து, முருகையின் மேற் படிந்து அதனை மூச்சடைக்கச் செய்கின்றது. கமக்காரருக்கு அது மேல்மண் இழப்பு. மீனவருக்கு அது மீன் இழப்பு.

பூச்சிநாசினிகளின் தீமை வேறு வகையினது. இறாலும் நண்டும் பூச்சிகளைப் போலவே கணுக்காலிகள். பூச்சியைக் கொல்லும் மருந்துகள் பல, மிகச் சிறிய அளவிலேயே இறாலையும் நண்டையும் கொல்ல வல்லவை. வயலுக்கு மிஞ்சிய மருந்தை வாய்க்காலில் ஊற்றுவது, களப்பிலுள்ள இறாற் குஞ்சுகளுக்கு மருந்து தெளிப்பதற்கு ஒப்பாகும்.

வீசியெறியப்படும் மருந்துப் போத்தல்களும் பசளைப் பைகளும் பொலித்தீன் தாள்களும் வெள்ளத்தோடு கடலுக்குச் செல்கின்றன. மிதக்கும் பொலித்தீனைச் சொறிமுட்டையென மயங்கி ஆமைகள் விழுங்குகின்றன. பிளாத்திக்கின் கேட்டை நமது நாடு 2021இல் நேரிற் கண்டது. அவ்வாண்டு மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே சிங்கப்பூர்க் கொடி பூண்ட எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்னும் கப்பல் தீப்பற்றிப் பின்னர் மூழ்கியது. அதிலிருந்த ஏறக்குறைய 1,680 தொன் பிளாத்திக்கு மணிகள் சிந்தி மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. இறந்த ஆமைகளும் ஓங்கில்களும் கரைசேர்ந்தன. மீன்பிடி தடைசெய்யப்பட்டு மீனவர் தொழிலிழந்தனர். 2025ஆம் ஆண்டு யூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்துமாறு கட்டளையிட்டது. கப்பலின் குற்றத்துக்கு நட்டஈடு கேட்கலாம். பல்லாயிரம் வயல்களிலிருந்து சிறிது சிறிதாக வரும் கேட்டுக்கு எவரிடம் கேட்பது? அதனைத் தோன்றுமிடத்திலேயே தடுத்தல் ஒன்றே வழி.

பசளையைக் கைவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதையும், அதனைத் தொடர்ந்த பெரும்போகத்தில் விளைச்சல் வீழ்ந்ததையும் கமக்காரர் மறந்திரார். அத்தடை அவ்வாண்டு நவெம்பரிலேயே நீக்கப்பட்டது. பயிருக்குப் பசளை வேண்டும். அது பயிரையே சேர வேண்டும், வாய்க்காலைச் சேரலாகாது. இதற்கான வழிகள் வருமாறு:

1. யூரியாவை ஒரே தடவையில் இடாது, விதந்துரைக்கப்பட்ட காலங்களிற் பிரித்து இடுக. மழை குமுறி நிற்கும் வேளையில் இடலாகாது. மேல்மாகாணத்தில் சிறுபோகம் தென்மேற்குப் பருவமழையோடு வருவதால் இதிற் கூடிய கவனம் வேண்டும்.

2. மேற்கட்டுப் பசளை இடுமுன் வயலில் நீரைக் குறைத்து, வக்கடைகளை அடைத்து, களையை அகற்றுக. இட்டபின் குறைந்தது மூன்று நான்கு நாட்களுக்கு நீரை வெளியே விடாதீர்கள். நண்டுத் துளைகள் வரம்பிலிருப்பின் முன்னரே அடைத்துவிடுக.

3. மண்ணைப் பரிசோதித்த பின்னரே பொசுபரசுப் பசளையின் அளவைத் தீர்மானிக்குக. மண்ணில் அது போதியளவு இருக்க மேலும் இடுவது வீண் செலவு.

4. மரக்கறிப் பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே அமைக்குக. வெறும் நிலத்தை வைக்கோலாலோ இலைதழையாலோ மூடுக. பசளையை மேலே தூவாது, பயிரருகே இட்டு மண்ணால் மூடுக.

5. கூட்டெருவும் மாட்டெருவும் மண்ணில் நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும். ஆயின் கோழியெருவை வாய்க்காலருகே குவித்துவைக்க வேண்டாம். மழையில் அதன் சத்தும் இரசாயனப் பசளையைப் போலவே ஓடிவிடும்.

6. பீடையின் தாக்கத்தைக் கண்டறிந்த பின்னரே மருந்து தெளிக்குக. தெளிகருவியை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கழுவலாகாது. வெறும் போத்தலை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றிப் பயன்படுத்துக. போத்தலைத் துளையிட்டுச் சேர்த்துவைக்குக. வேறு தேவைக்கு எடுக்கலாகாது.

7. வாய்க்கால் ஓரத்தில் புற்பட்டையொன்றை வெட்டாது விடுக. அது மண்ணையும் பசளையையும் வடிகட்டித் தடுக்கும்.

கடலைக் கண்டிராத உள்ளூர்க் கமக்காரர் வீட்டிலும் நெத்தலிக் கருவாடு உண்டு. இந்நாட்டு மக்கள் விலங்குணவிலிருந்து பெறும் புரதத்தில் ஏறக்குறையப் பாதி மீனிலிருந்தே கிடைக்கின்றது. நமது வக்கடையை உரிய காலத்தில் அடைப்பதனால் பசளைச் செலவு குறையும், பயிர் செழிக்கும், கொழும்பிற் பருகும் நீரும், முகத்துவாரத்துக்கு அப்பாலுள்ள மீனும் காக்கப்படும். மண் பரிசோதனை, பசளையின் அளவு, இடும் காலம் ஆகியன பற்றி அடுத்த போகம் தொடங்குமுன்னரே உங்கள் கமநல சேவை நிலையத்துக்குச் சென்று விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து பயன்பெறுவீர்களாக.