யவனர் வழித்தடம் - 14: பொருந்தல் நெல்

கரூரில், அமராவதி மணலில் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளோடு போன வாரம் நிறுத்தினேன். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது போதும். திண்டுக்கல்காரர்கள் ஒருநாள் லீவில் பார்க்க ஏற்றது அரிக்கமேடா, கொடுமணலா, பொருந்தலா என்று இந்த வாரம் சொல்லியாக வேண்டும்.

அரிக்கமேடு ஒருநாளில் அடங்காது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, இத்தாலியப் பானையோடுகளை அடையாளம் காட்டிய இடம். ஆனால் அந்தக் குழிகளை எப்போதோ மூடிவிட்டார்கள். இப்போது அங்கே நிமிர்ந்து நிற்கும் செங்கல் சுவர்கள், 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டியவை. அதை ரோமானியச் சுவர் என்று நம்பிப் படம் எடுத்துத் திரும்புகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. புதுச்சேரி அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் பார்க்க இரண்டு நாள் ஒதுக்கிப் போங்கள்.

ஆகவே, முதலில் பொருந்தல். பழனிக்குத் தென்மேற்கே 12 கிலோமீட்டர், மலையடிவாரம். ஊர்க்காரர்கள் பாசிமேடு என்று சொல்லும் மேட்டில், 2009இலும் 2010இலும் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் குழுவினர் தோண்டினார்கள். கண்ணாடி மணி செய்த உலையே கிடைத்தது. பழனியை ஒட்டிய கலையமுத்தூரில் 1856இலேயே 63 ரோமானியத் தங்கக்காசுகள் ஒரே புதையலாக வெளிப்பட்டிருந்தன. மேற்குக் கடற்கரையில் இறங்கிய யவனப் பொன் நம் மாவட்டம் வரை வந்திருக்கிறது.

ஆனால் இந்த வாரம் முழுக்க என்னை ஆட்டிவைத்தது பொன் இல்லை, நெல். பொருந்தலில் ஓர் ஈமக்குழிக்குள் நான்கு கால் வைத்த ஜாடி. அதனுள் சுமார் இரண்டு கிலோ நெல். இறந்தவருக்கென்று யாரோ அளந்து போட்ட நெல், இத்தனை காலம் ஜாடிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. அதே குழியில் பானை வைக்கும் பிரிமனை ஒன்று. அதில் 'வய்ர' என்று தமிழி எழுத்து. நெல்மணிகளை அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக் காலம் கணித்தபோது கி.மு. 490 என்று வந்தது. ஒரே மாதிரியை வைத்து முடிவு கட்டலாமா என்று அறிஞர்கள் தயங்கினார்கள், நியாயமான தயக்கம்தான். பொருந்தல் நெல்லிலேயே இன்னொரு மாதிரியையும் அனுப்பினார்கள். கி.மு. 450 என்று வந்தது.

கி.மு. 490ஐ ரோமாபுரிக் கணக்கில் வைத்துப் பாருங்கள். கடைசி அரசனை விரட்டிக் குடியரசானதாக ரோமானியர் சொல்லிக்கொள்ளும் ஆண்டு கி.மு. 509. இருபது வருஷம்கூட ஆகாத குடியரசு அது. அகஸ்டஸ் பேரரசர் ஆக இன்னும் நானூற்றைம்பது வருஷத்துக்கு மேல் இருக்கிறது. அந்த நேரத்தில் பழனி மலையடிவாரத்தில் நெல் விளைந்திருக்கிறது, பிரிமனையில் எழுத்து கீறியிருக்கிறார்கள். யவனர் வந்துதான் நாம் விழித்தோம் என்று இன்னும் மேடையில் பேசுகிறவர்களுக்கு அந்த ஜாடியைக் காட்ட வேண்டும்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பொருந்தலில் தூண்களும் மண்டபங்களும் கிடையாது, மேடும் வயலும்தான். தரையில் மணியோ ஓடோ கண்ணில் பட்டால் பாருங்கள், எடுத்து வராதீர்கள். கிடந்த இடம் தெரியாத ஓட்டை வைத்து ஆய்வாளரால் எதுவும் சொல்ல முடியாது.

கொடுமணலுக்கு இந்த வாரம் இடம் இல்லாமல் போயிற்று. சேர மன்னர்களைப் பாடும் பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் அதே ஊர். நொய்யல் கரை, கல்மணிப் பட்டறைகள் எல்லாம் அடுத்த வாரம். அதற்குள் புறப்படுகிறவர்கள் தாராபுரம், காங்கேயம், சென்னிமலை வழியாகப் போங்கள்.