சாவா மூவா முதல்

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். வியாபாரிக்குத் தெரிந்த ஒரு சொல்லைப் பற்றியே எழுதலாமே என்று தோன்றிற்று. அந்தச் சொல் 'முதல்'. முதலைத் தின்கிற கடை நிலைக்காது. கல்விக்கென்று வைக்கும் அறக்கட்டளைக்கும் இதே விதிதான்.

சோழர் காலத்தில் கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க விரும்பியவர் நெய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. பெரும்பாலும் 96 ஆடுகளைக் கொடுத்தார். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழ ஆடு செத்தால் குட்டி ஈடாகிவிடும், எண்ணிக்கை குறையாது. இதைத்தான் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன.

பல்கலைக்கழக அறக்கட்டளையில் ஆட்டுக்குப் பதில் பணம். ஒரு லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 7,000 ஈட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலைத் தொடாதவரை அது சாவா முதல். ஆனால் 7,000-ஐயும் செலவழித்தால் விலைவாசி ஏற ஏற முதல் மதிப்பிழந்து கிழடாகிவிடும். 5,000-ஐ மாணவருக்குக் கொடுத்து 2,000-ஐ முதலில் சேர்த்தால்தான் அது மூவா முதல்.

இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகர வழக்கறிஞர் லெவி பார்பர், ஆசியப் பெண்கள் மேற்படிப்புப் படித்துத் தம் நாட்டுக்குத் திரும்பிப் பணியாற்ற வேண்டுமென்று 1917-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஓர் உதவித்தொகை நிறுவினார். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்த ஜானகி அம்மாள் அந்த உதவியில்தான் கடல் கடந்து போய்த் தாவரவியல் படித்தார். தலச்சேரியில் 1897-இல் பிறந்தவர் அவர். முதுகலைப் பட்டத்தோடு திரும்பி, மறுபடியும் சென்று, 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பணம் கொடுத்த பார்பர் 1925-லேயே காலமாகிவிட்டார். விளக்கு அணையவில்லை பாருங்கள்!

அந்த அம்மையார் பிறகு கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், கரும்போடு மக்காச்சோளம் போன்ற பிற புல்லினங்களைக் கலந்து ஆராய்ந்தார். 1945-இல் டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து நூலாக்கினார். முதுமையிலும் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டைக் காக்கக் குரல் கொடுத்தார். கடையில் வெல்லம் நிறுக்கும் எனக்கு, கரும்புக்குப் பின்னால் இவ்வளவு படிப்பு இருப்பது வெகுநாள் தெரியாது.

இதை மாயாபந்தரில் ஏன் பேச வேண்டும்? நம் ஊரைச் சுற்றி இருப்பதே அலையாத்திக் காடு. 2004 டிசம்பர் நிலநடுக்கத்தில் வட அந்தமான் பக்கம் கரை மேலெழுந்து, கடல்நீர் ஏறாமல் பல இடங்களில் அந்த மரங்கள் காய்ந்தன. தென்பக்கத் தீவுகளிலோ நிலம் தாழ்ந்து கடல் உள்ளே வந்தது. எந்த மரம் தாங்கும், எது மீண்டும் முளைக்கும் என்று பார்க்கப் பல வருஷம் ஒருவர் சேற்றில் இறங்கி நடக்க வேண்டும். படகு வாடகை, ஆய்வுக்கூடச் செலவு, சம்பளமில்லாத காலம் எல்லாம் இருக்கிறது. இங்குள்ள மகாத்மா காந்தி அரசுக் கல்லூரியில் படித்து முடிக்கிற பிள்ளை இத்தகைய ஆராய்ச்சிக்குப் போக நினைத்தால், மார்க்கு மட்டும் போதாது.

எங்கள் சமண சமயத்தில் தானம் நான்கு: உணவு, அடைக்கலம், மருந்து, சாத்திரம். மரஞ்செடிகளையும் ஓரறிவு உயிர் என்றே எண்ணுகிறோம். விருந்து வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் இலை எடுத்ததும் அது முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டுக்கு ஒரு தொகை எடுத்து, தொடாத முதலாகச் சேர்த்து, தாவரவியல் மேற்படிப்புக்கென்றே ஒரு பல்கலைக்கழகத்தில் நம்பி ஒப்படைக்கலாம். முதல் தொகையை எழுத என் கணக்குப் புத்தகம் தயார்.