பழைய மின்சாரக் காருக்கு லீசிங்: பிணை நிற்கும் முன் போட்ட கணக்கு

சென்ற மாதம் என் சித்தியின் மகன் ஒரு படிவத்துடன் வீட்டுக்கு வந்தான். கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஹயர் ஓட, பாவித்த நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்றை லீசிங்கில் எடுக்கப் போகிறானாம். பிணையாளியாக நான் கையொப்பம் வைக்க வேண்டும். "எட்டு வீத வட்டிதான் அண்ணை, பெற்றோல் காசும் மிச்சம்" என்றான்.

எனக்குப் பழைய சூடு ஒன்று உண்டு. மீள்குடியேறிய புதிதில், ஏ9 வீதியோரம் லீசிங் நிறுவனங்கள் கிளைகளைத் திறந்துகொண்டிருந்த காலத்தில், உறவினர் ஒருவரின் ஓட்டோவுக்குப் பிணை நின்றேன். தவணை தவறியதும் ஓட்டோவை எடுத்துச் சென்று ஏலத்தில் விற்றார்கள். அந்தக் காசு கடனுக்குக் காணாது என்று மீதி என் தலையில் வந்தது. இரண்டு வருடம் கட்டினேன். தறப்பாள் கொட்டிலுக்குப் பக்கத்தில் கல்வீட்டுக்குப் போட்ட அத்திவாரம் அதுவரை புல் முளைத்துக் கிடந்தது. ஆகவே இந்தத் தடவை பேனையை எடுக்க முன்னர் கல்குலேற்றரை எடுத்தேன்.

தம்பி கேட்டது 20 இலட்சம், 5 வருடத் தவணை. எட்டு வீதம் என்று சொல்லப்பட்டது 'ஃபிளாட்' வட்டி. அதாவது நீங்கள் கட்டக் கட்ட முதல் குறைந்தாலும், வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு 20 இலட்சத்துக்கும் போடப்படும். வருடம் 1,60,000 ரூபாய். ஐந்து வருடத்தில் 8 இலட்சம். மாதக் கட்டுக்காசு ஏறத்தாழ 46,667 ரூபாய். குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி போடும் வங்கிக் கடனோடு ஒப்பிட்டால் இது 14 வீதத்துக்குச் சமம். எட்டல்ல. இரண்டரை வருடத்தில் 14 இலட்சம் கட்டி முடித்திருப்பான். அப்போதும் முதலில் 11½ இலட்சத்துக்கு மேல் மிச்சம் நிற்கும்.

அந்த இரண்டரை வருடத்தில் பற்றரி என்ன நிலையில் இருக்கும்? பெற்றோல் காரில் இந்தக் கேள்வி இல்லை.

நம் நாட்டில் ஓடும் பழைய லீஃப்களில் பல 2014, 2015 காலத்தில் ஜப்பானில் இருந்து வந்தவை, 24 கிலோவாற் மணி பற்றரி கொண்டவை. அந்தப் பற்றரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு கிடையாது. வன்னி வெயில் அதற்குப் பகை. பற்றரியின் ஆரோக்கியத்தை முகப்பில் 12 கோடுகள் காட்டும். முதல் கோடு மறையும்போதே சுமார் 15 வீதக் கொள்ளளவு போய்விட்டது என்று அர்த்தம். எட்டுக் கோடு என்றால் மூன்றிலொரு பங்கு போய்விட்டது. கோடுகளை மட்டும் நம்பவும் முடியாது. கணினியை மீளமைத்து 12 கோடும் எரிய வைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். லீஃப் ஸ்பை என்ற செயலியையும் சிறு புளூடூத் கருவியையும் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். அதைவிட நம்பகமானது ஓடிப் பார்ப்பது. நாங்கள் இரவு முழுக்க ஏற்றிவிட்டு, ஏசியையும் போட்டு, வடக்கே ஓடினோம். கொடிகாமம் போகும்போதே பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. யாழ்ப்பாணம் போய் ஏற்றாமல் அந்தக் கார் திரும்பி வராது. ஹயர்காரனுக்கு அந்தக் காத்திருப்பு நேரமும் காசுதான்.

பழுதான பற்றரித் தொகுதிகளை மட்டும் மாற்றித் தருவோர் உண்டு. மொத்தம் 48 தொகுதிகள். ஒன்றை மாற்ற அடுத்தது விழும்.

மின்கட்டணத்தையும் தம்பி கணக்கில் எடுக்கவில்லை. வீட்டில் நாளுக்கு 15 அலகு ஏற்றினால் மாதம் 450. நமது வீட்டுக் கட்டண முறையில் 180 அலகைத் தாண்டினாலே மிக உயர்ந்த வீதம்.

ஆகவே அவனுக்கு நான் சொன்னது இதுதான்: பற்றரி தாங்கும் காலத்துக்குள் லீசிங் முடிய வேண்டும். மூன்று வருடம் என்றால் அதே வட்டியில் மாதம் 68,889 ரூபாய். மொத்த வட்டியில் 3,20,000 மிச்சம். அது கட்ட முடியாது என்றால் அந்தக் கார் அவனுக்கு விலை கூடியது. முற்பணத்தைக் கூட்ட வேண்டும், அல்லது விலையைக் குறைக்க வேண்டும். கொடிகாமம் வரை ஓடிய கணக்கை எழுதிக் காட்டியபோது விற்பவர் இரண்டு இலட்சம் இறங்கினார்.

2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்தபின் வந்த புதிய மின்சாரக் கார்களுக்கு நீண்ட பற்றரி உத்தரவாதம் சொல்கிறார்கள். அதை இங்கே யார் நிறைவேற்றுவது என்று எழுத்தில் கேளுங்கள்.

லீசிங் முடியும் வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் நிறுவனம்தான் என்பதையும் மறக்க வேண்டாம். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நீட்டும் தாளில் கையொப்பம் வைக்காதீர்கள், தமிழில் கேளுங்கள். தராவிட்டால், நிறுவனம் அனுமதி பெற்றதா என்று சந்தேகம் வந்தால், மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

நான் மூன்று தாள்கள் கேட்டிருக்கிறேன்: மாதவாரித் தவணை அட்டவணை, இடையில் கட்டி முடித்தால் எவ்வளவு என்ற கணக்கு, தமிழில் ஒப்பந்தம். முதலிரண்டும் வந்துவிட்டன. படிவம் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது.